மூன்று நாள் பெங்களூர் பயணம்: பணத்தைவிடக் கையெழுத்து முக்கியம்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கல்யாணமான கையோடு பெங்களூர் போனவர். கணவர் பெயின்டர். இவர் பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் 11 வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். ஹொங்கசந்திராவில் ஒரே வீட்டில் 14 வருடம் குடித்தனம். முதலில் வாடகைக்கு இருந்தார்கள், பிறகு 4 லட்சம் ரூபாய் கொடுத்து அதே வீட்டை 'லீஸ்' எடுத்தார்கள். நம் பக்கம் போக்கியம் என்போமே, அதுதான். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. ஊரில் மாமியாரைப் பார்க்கவும் ஆளில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு திரும்பிவிட்டார்கள். இது நடந்து 2 வருடம் 8 மாதம்.

சாவி கொடுத்த அன்று ஓனரம்மா 2 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தார். போன தீபாவளிக்கு முன்னால் அவருடைய மகன் போனில் 10,000 அனுப்பினார். மீதி ஒன்றரை லட்சம் அப்படியே நிற்கிறது. கேட்டால், "அடுத்த மாதம் தருகிறோம் அக்கா" என்று மகனிடமிருந்து வாட்ஸ்அப் வரும். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருந்த தோழியின் மகளுக்கு அங்கே கல்யாணம். சனிக்கிழமை போய்த் திங்கள் இரவு திரும்பலாம் என்று இவருக்கு ஆசை. கணவரோ, "ஆயிரம் ரூபாய் ஜிபே பண்ணினால் போதும், எதுக்கு வெட்டிச் செலவு" என்கிறார். தம்பி இன்னொரு பக்கம், "நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் உட்காரலாம். 12 வருடத்துக்கு மேல் இருந்த வீடு, அதில் உங்களுக்கு உரிமையே உண்டு. விட்டுவிட்டு வந்ததுதான் தப்பு" என்கிறார்.

கடிதத்தில் ஓர் இடத்தை அப்படியே தருகிறேன்: "ஓனரம்மா எனக்குத் தாய் மாதிரி ஐயா. பெண்ணுக்குக் கைக்குழந்தையில் காய்ச்சல் வந்தபோது நடுராத்திரி ஆட்டோ பிடித்துக் கூட வந்தவர். அவரிடம் போய்க் காசு கேட்டு நிற்க வாய் வராது. கேட்காமல் வந்தால் வீட்டில் சும்மா விடமாட்டார்கள். அந்த மாடிப்படிக்குக் கீழே நான் வைத்த கறிவேப்பிலைச் செடி இப்போது மரமாகியிருக்கும். அதைப் பார்த்தால் அழுதுவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?"

இதோடு சில கேள்விகள். தர்மபுரி கோர்ட்டில் வழக்குப் போடலாமா? ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டுவைத்தால் கேஸ் உயிரோடு இருக்குமா? பெங்களூரில் பிறந்த மகளுக்கு 14 வயது முடிந்துவிட்டது, பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயரே இல்லை, என்ன செய்வது? ராஜினாமா எழுதிக் கொடுத்ததால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போனது போனதுதானா? பிஎஃப் பணத்தை எடுக்காவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடுமா?

சகோதரிக்கு வணக்கம்.

போய் வாருங்கள். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: போகவர பஸ் செலவும் மொய்யும் சேர்ந்தாலும் சில ஆயிரம்தான் ஆகும். போகாமல் இருந்தால் ஒன்றரை லட்சம் சட்டப்படி கேட்க முடியாத பணமாக மாறுவதற்கு இன்னும் நான்கே மாதம். நீங்கள் கல்யாணத்தைப் பெரிதாகவும் பணத்தைச் சங்கடமாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வக்கீலாக உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த '2 வருடம் 8 மாதம்'தான்.

மூன்று வருடக் கணக்கு

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் 3 வருடம் தருகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் 'வீட்டைக் காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆகவே சாவி கொடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட வழி உண்டுதான். ஆனால் வாதாடிப் பார்க்கும் நிலைமைக்கு நாமாகப் போக வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் விட்டால் இந்தக் கெடு நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நிற்காது. பத்து நோட்டீஸ் விட்டாலும் மூன்று வருடம் மூன்று வருடம்தான். கெடுவைப் புதுப்பிக்கச் சட்டம் காட்டும் வழிகளில் உங்களுக்குத் தோதானது ஒன்று: பணம் தர வேண்டியவர், கெடு முடிவதற்குள், 'ஆமாம், இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சட்டத்தின் 18-ம் பிரிவு இது. கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

தீபாவளிக்கு வந்த 10,000 ரூபாயை வைத்தும் கெடு புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லலாமே என்று உங்கள் தம்பி கேட்பார். பகுதிப் பணம் கொடுத்தால் புதுக்கெடு உண்டு என்று 19-ம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் கொடுத்தவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ அது பதிவாகியிருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. போனில் வந்த பணம் அந்த நிபந்தனைக்குள் வருமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கிளப்பாமல் விடமாட்டார். போதாக்குறைக்கு அனுப்பியது மகன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஓனரம்மா. வாட்ஸ்அப் செய்திக்கும் இதே சிக்கல் உண்டு. அவை நல்ல சாட்சியம்தான், ஒன்றையும் அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள், ஏனென்றால் மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். ஆனால் அவற்றை மட்டும் நம்பி நான்கு மாதத்தையும் கடத்திவிட வேண்டாம்.

கையில் வாங்க வேண்டியது

"ஒன்றரை லட்சத்தைக் கொடுங்கள்" என்று போய் நிற்பதுதான் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்று நாளில் அந்தக் குடும்பம் ஒன்றரை லட்சத்தைப் புரட்டித் தரும் என்று எனக்கும் தோன்றவில்லை. அப்படி இருந்திருந்தால் எப்போதோ தந்திருப்பார்கள். பெங்களூரில் லீஸ் வீட்டுக்காரர்கள் வழக்கமாக அடுத்து வருகிறவரிடம் வாங்கித்தான் முந்தியவருக்குக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு மருத்துவச் செலவோ கல்யாணமோ வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலும் இது நடக்கும்.

ஆகவே பணம் கேட்கப் போகாதீர்கள், கையெழுத்துக் கேட்கப் போங்கள். "அம்மா, நீங்கள் தருவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் உங்களுக்கும் வயதாகிறது. நாளைக்குப் பிள்ளைகளுக்குள் பேச்சு வரக்கூடாது. இதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், முடிந்தபோது தாருங்கள்." தாய் மாதிரி என்று நீங்கள் சொல்கிற மனுஷியிடம் இதைக் கேட்க வாய் வரும் என்று நினைக்கிறேன்.

எழுத வேண்டியது நான்கு வரிதான். இந்தத் தேதி ஒப்பந்தப்படி, இன்ன முகவரி வீட்டுக்காக, உங்களிடம் பெற்ற 4,00,000 ரூபாயில் 2,50,000 திருப்பித் தந்துவிட்டேன். மீதி 1,50,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. அதை இந்தத் தேதிக்குள் தருவேன். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள், கெடுக் கணக்கெல்லாம் அதிலிருந்துதான். கன்னடத்தில் எழுதினால் இன்னும் நல்லது, 'எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கினார்கள்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அங்கேயே ஒரு நோட்டரியிடம் கேட்டு, தகுந்த முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மகனும் கூடவே கையெழுத்துப் போடட்டும். ஆனால் மகன் மட்டும் போட்டால் போதாது.

காசோலை கொடுக்கிறேன் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பின்தேதியிட்டதாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பணத்துக்காகச் சிவில் வழக்குப் போடுவதென்றால், எதிராளி குடியிருக்கிற இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் போட முடியும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே பெங்களூர். தர்மபுரியில் எடுக்க மாட்டார்கள். ஆனால் காசோலை பணமில்லாமல் திரும்பினால் கதை வேறு. 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, காசோலையை நீங்கள் எந்தக் கிளையில் உள்ள உங்கள் கணக்கில் போட்டீர்களோ, அந்தக் கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு. உங்கள் பாஸ்புக் பென்னாகரத்தில் இருந்தால், ஹொங்கசந்திராக்காரர் இங்கே வர வேண்டும். காசோலையில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்ததாக வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் பணம் தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்தத் தேதிகளில் ஒரு நாள் தவறினாலும் தலைவலி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'இப்போது 50,000 வாங்கிக்கொள், இதோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக் கொடு' என்று மகன் ஒரு தாளை நீட்டக்கூடும். பணத்தை வாங்கிக்கொள்ளலாம். தாளில் '50,000 பெற்றேன், மீதி 1,00,000' என்றுதான் இருக்க வேண்டும். 'முழுவதும் தீர்ந்தது' என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். இன்னொன்று, மூல ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

தம்பி சொன்ன இரண்டு விஷயம்

12 வருடம் குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்பது ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு தவறான நம்பிக்கை. 12 வருடக் கணக்கு என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. அது உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, அவருக்கு எதிராக ஒருவர் அனுபவித்து வந்த இடத்துக்கு. நீங்கள் அவர் அனுமதியோடு, வாடகையும் லீஸ் பணமும் கொடுத்து இருந்தீர்கள். 14 வருடம் என்ன, 40 வருடம் இருந்தாலும் குடியிருப்பவர் குடியிருப்பவர்தான். வீட்டை விட்டு வந்ததில் நீங்கள் இழந்த உரிமை எதுவும் இல்லை. முழுப் பணமும் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்பது உண்மை, ஆனால் அடிபட்ட மனுஷரை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிப்பார்கள்.

நாலு பேரோடு போய் வாசலில் உட்காரும் யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். இன்று நீங்கள் பணம் வர வேண்டியவர், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆட்களோடு போய் ஒரு வார்த்தை தடித்துவிட்டால், அத்துமீறல், மிரட்டல் என்று அவர்கள் புகார் கொடுப்பார்கள். வெளி மாநிலக் காவல் நிலையத்தில், மூன்றாம் நாள் ஊர் திரும்ப வேண்டிய நீங்கள் என்ன செய்வீர்கள்? நீங்களே போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமே என்றால், வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். 4 லட்சத்தில் 2.5 லட்சம் திருப்பிக் கொடுத்தவர் மேல் அது நிற்பது கஷ்டம்.

கறிவேப்பிலைச் செடியைப் பற்றியும் சட்டம் சொல்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். குடியிருப்பவர் மண்ணில் நட்டதைக் குடியிருக்கும் வரைதான் எடுத்துக்கொண்டு போகலாம், அதற்குப் பிறகு முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 108-ம் பிரிவு. ஆக, மரம் அவர்களுடையது. ரெண்டு கொத்து ஒடித்துக்கொள்ள ஓனரம்மா வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

மகளின் சான்றிதழ்

உங்கள் கேள்விகளில் இதற்கும் ஒரு கெடு இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பெயர் இல்லாமல் பதிவான பிறப்பில், பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். மகளுக்கு 14 முடிந்துவிட்டது என்றால் உங்களுக்கு ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. இதைப் பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ செய்ய முடியாது, பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளர்தான் செய்ய வேண்டும். சான்றிதழின் அடியில் பதிவு எண்ணும், பதிவு செய்த தேதியும், பதிவு அலுவலகமும் இருக்கும். கர்நாடகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 'இ-ஜன்ம' என்ற இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று போவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் இருவரின் ஆதார், மகளின் ஆதார், பள்ளியில் ஒரு படிப்புச் சான்று, கணவரும் நீங்களும் கையெழுத்திட்ட விண்ணப்பம். இவற்றை எடுத்துப் போங்கள். உறுதிமொழிப் பத்திரம் கேட்டால் அங்கேயே எழுதிக்கொள்ளலாம். கணவர் வர முடியாது, ஆகவே அவர் கையெழுத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போவது முக்கியம். பெயரை எழுதும்போது பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஆங்கில எழுத்து ஒன்றுகூட மாறாமல் எழுதுங்கள். இங்கே இனிஷியல் வைப்போம், அங்கே அப்பா பெயரை முழுதாகச் சேர்ப்பார்கள். ஒரு முறை ஏறிய பெயரைத் திருத்துவது, சேர்ப்பதைவிடப் பெரிய அலைச்சல். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி இருந்துவிட்டால் பிற்பாடு பாஸ்போர்ட் வரைக்கும் தொல்லை இல்லை.

கம்பெனி பாக்கி

ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி கிடையாது என்று யார் சொன்னது? 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு. நீங்கள் விலகியபோது நடப்பில் இருந்த 1972-ம் வருடச் சட்டம் தெளிவாகவே அப்படிச் சொல்கிறது. கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடத்தால் பெருக்க வேண்டும். மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டால் 11 வருடத்துக்குச் சுமார் 63,460 ரூபாய்.

ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விலகும்போது 'செட்டில்மென்ட்' என்று ஒரு தொகை பேங்கில் போட்டிருப்பார்கள், ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். அந்தத் தாளில் கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வந்துவிட்டது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் திங்கட்கிழமை கம்பெனி ஹெச்ஆரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தாமதமாகக் கேட்டீர்கள் என்ற ஒரே காரணத்தால் உரிமை போய்விடாது. கம்பெனி தராவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போடலாம், தாமதத்துக்குக் கணவரின் விபத்தையும் ஊர் திரும்பியதையும் காரணமாகச் சொல்லலாம்.

பிஎஃப்புக்காகப் பெங்களூரில் ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்காதீர்கள். உங்கள் வயதில் அந்தப் பணம் எங்கும் போய்விடாது, வட்டியும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருந்தால் இங்கிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் இருந்தால், பிஎஃப் அலுவலகம் மாதாமாதம் 27-ம் தேதி மாவட்டந்தோறும் நடத்தும் குறைதீர் முகாமுக்குப் போங்கள். ஹெச்ஆரிடம் போகிறபோது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விலகிய தேதியைக் கம்பெனி பிஎஃப் தளத்தில் ஏற்றியிருக்கிறதா? அது இல்லாமல் பலருக்குப் பணம் நிற்கிறது. உங்களுக்கு 10 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. அவசரம் என்றால் 50 வயதிலிருந்தே குறைத்து வாங்கலாம், முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். பிஎஃப் பணத்தை எடுத்தாலும் இந்த ஓய்வூதிய உரிமை அப்படியே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாக்காளர் அட்டை, ஆதார் முகவரியெல்லாம் இன்னும் பெங்களூரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள். இரண்டும் இங்கிருந்தே முடிகிற வேலை, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கர்நாடக முகவரி இருந்தால் அங்கே பெண்களுக்கு இலவச பஸ் கிடைக்குமே என்று நினைத்திருந்தால், அந்தச் சலுகை அங்கே குடியிருப்பவர்களுக்கானது. டிக்கெட் எடுத்தே போய்விடுங்கள்.

மூன்று நாள்

ஓனரம்மா வீட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். கூச்சம் இருக்கிற வேலையைத்தான் நாம் கடைசிக்கு வைப்போம். சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். பொம்மசந்திராவில் இறங்கினால் மெட்ரோ இருக்கிறது. நீங்கள் இருந்தபோது ஓசூர் ரோட்டில் தூண்களாக நின்ற அந்தப் பாதை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது, ஹொங்கசந்திராவிலேயே ஸ்டேஷன் உண்டு. சனி மாலை ஓனரம்மா வீட்டுக்குப் போங்கள், மகனும் வீட்டில் இருப்பார். போவதற்கு ஒரு வாரம் முன்பே போன் பண்ணி, "பார்க்க வருகிறேன், பாக்கிக் கணக்கையும் எழுதிக்கொள்வோம்" என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். பார்க்க வருவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பணப் பேச்சை எடுத்தால், அவருக்கும் மனம் கசக்கும். சனிக்கிழமை போனால் இன்னொரு லாபம், "நாளைக்கு வா" என்றால் போக உங்களுக்கு நாள் இருக்கும்.

ஞாயிறு முழுக்கக் கல்யாணம். அன்று பையில் ஒரு பேப்பரும் வேண்டாம். அழுதுவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் சொல்லச் சட்டத்தில் ஒன்றுமில்லை. 14 வருடம் புழங்கிய வீடு, பிள்ளை வளர்ந்த தெரு. அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அந்த நிமிடத்தில், "பணமெல்லாம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட மாட்டீர்களா என்பதுதான் என் பயம். கடிதத்தைப் படித்தால் நீங்கள் சொல்லக்கூடியவர் என்று தெரிகிறது. விட்டுக்கொடுப்பதென்றால் ஊருக்குத் திரும்பி, கணவரோடு உட்கார்ந்து யோசித்துவிட்டுக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். அந்த வீட்டுத் திண்ணையில் முடிவெடுக்க வேண்டாம்.

திங்கள் காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் பதிவாளரிடம் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் கம்பெனி. சனிக்கிழமையே பதிவாளரைப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே இரண்டாம், நான்காம் சனி அரசு விடுமுறை.

கையெழுத்தும் போட மாட்டோம், காசோலையும் இல்லை என்று சொல்லிவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் எழுந்து வந்துவிடுங்கள். மறுவாரமே தர்மபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, வக்கீலும் நீதிமன்றக் கட்டணமும் சேர்த்து. ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. பெங்களூரில் உள்ள ஆணைக்குழுவுக்கு உங்கள் மனுவைக் கொண்டுசேர்க்கும் வழியை இங்கேயே சொல்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முன்பே சமரசம் பேச மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள், போங்கள். ஆனால் அந்த மனு நிலுவையில் இருக்கிறதே என்று மூன்று வருடக் கெடுவை மறந்துவிடாதீர்கள். சாவி கொடுத்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே வழக்கு பெங்களூர் கோர்ட்டில் தாக்கலாகிவிட வேண்டும் என்று வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாவி கொடுத்தது எந்தத் தேதி என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரருக்குப் பணம் அனுப்பிய விவரம் போனில் இருக்கும், அதை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.